அன்ஸலின் அறைக்கு வந்த நாய்

வாசலில் கார் வந்து நின்றதுமே மார்லிஸ் இன்ஹேலரை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். விருந்தாளி இன்னும் படியே ஏறவில்லை, அதற்குள் மருந்து. வேறென்ன செய்வாள்? வருவது ஆள் மட்டுமில்லை, கூடவே ஒரு நாயும்.

அமெரிக்காவின் வடக்கே டுலூத் நகரத்தில், சுப்பீரியர் ஏரியைப் பார்த்த மேட்டில் இருந்தது அந்தப் பழைய மரவீடு. புருஷன் விட்டுப் போய் வெகுகாலம். மகன் அன்ஸல் செத்துப்போய் இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. அவனுடைய மாடியறையைத்தான் நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். காலியாகக் கிடக்கும் அந்த அறையைத் தாண்டிப் போக முடியாமல்தான் விட்டாள். யாராவது இருமினால், குழாயைத் திறந்தால், மேலே ஆள் இருக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

நாய்முடி பட்டால் மார்லிஸுக்குத் தொண்டை அடைத்துவிடும். ஊனமுற்றவர்களுக்கு உதவும் நாயைச் சட்டப்படி பொதுவாக மறுக்கக் கூடாது. ஆனால் வீட்டுக்காரியும் அதே கூரையின் கீழ் இருந்து, அவள் உயிருக்கே ஆபத்தென்றால் மறுக்க வழியுண்டு. அந்த வழியில்தான் இதுவரை எல்லோரையும் பணிவாகத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இந்த முறை அறை கேட்டு எழுதிய ஜோலீனிடம் மட்டும், சட்டம் அனுமதிக்கும் இரண்டு கேள்விகளையும் எழுதிக் கேட்டாள். உன் உடல்நிலைக்காகத்தான் நாயா? அதை என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறாய்?

"எனக்கு வலிப்பு வர்றது அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். முன்னங்காலைத் தூக்கி வச்சுச் சொல்லும். வந்துட்டா, முடியிற வரைக்கும் பக்கத்துலயே படுத்திருக்கும்."

ஜோலீனின் அந்தப் பதிலைப் படித்தபின் மார்லிஸுக்கு மறுக்கக் கை வரவில்லை.

பக்கத்து வீட்டு வெர்னா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று திட்டித் தீர்த்தாள். "ஏன்டி, சாகணும்னா ஏரி பக்கத்துலதானே இருக்கு? எதுக்கு நாய் வரைக்கும் போற?"

"ஒரு வாரம்தானே, வெர்னா."

"நீ நாலு நாள் தாங்க மாட்ட. ஆம்புலன்ஸுக்கு நான்தான் ஃபோன் பண்ணணும். அந்த லட்சணத்துல என் மீன்வறுவல் வேற கருகும்."

வெர்னாவுக்கு எல்லாம் தெரியும். அன்ஸலுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. வெகுநாள் காத்திருந்தபின் அவனுக்கென்று பழக்கிய நாய் ஒன்று வந்தது. மறுநாளே மார்லிஸ் வாயில் செயற்கை மூச்சுக் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீடு திரும்பியபோது நாய் இல்லை. அன்ஸலே திருப்பி அனுப்பியிருந்தான். "நாய் வேற கிடைக்கும்மா. நீ கிடைப்பியா? வேற அம்மா கிடைச்சாலும் இவ்வளவு சத்தமா குறட்டை விடுவாங்களா?" என்று சிரித்தான்.

அடுத்த நவம்பரில், பொழுது சாயும் நேரம், மார்லிஸ் கீழே வாக்குவம் கிளீனரை ஓட்டிக்கொண்டிருந்தாள். தூசும் ஆகாதே, தினமும் ஓட்டுவாள். அந்த இரைச்சலில் மேலே அன்ஸல் விழுந்தது கேட்கவில்லை. போய்ப் பார்த்தபோது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே குளிர்ந்து கிடந்தான். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தபின் அவள் அந்த இயந்திரத்தைத் தொடுவதில்லை.

காரிலிருந்து இறங்கிய ஜோலீன் ஒல்லியான பெண். ஊர்த் தேவாலயத்தின் பழைய ஆர்கன் வாத்தியத்தைப் பிரித்துச் சரிசெய்ய வந்திருந்தாள். நாய் கறுப்பு, மூஞ்சி மட்டும் நரைத்திருந்தது. பெயர் பட்டன்.

"மாடியிலேயே வச்சுக்கிறேன். உங்களுக்குத் தொந்தரவே இருக்காது," என்றாள் ஜோலீன்.

பட்டன் மாடிப்படியின் அடியில் நின்று மேலே பார்த்தது. காது நிமிர்ந்தது. பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி, எஜமானிக்குக் காத்திராமல் ஏறிப் போயிற்று.

"இது இப்படி என்னை விட்டுட்டுப் போனதே இல்லையே," என்றாள் ஜோலீன்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காட்டரிசி சூப்போடு மாடிப்படியில் பாதி ஏறிய மார்லிஸ், முகமூடியோடு அங்கேயே நின்றாள். மேற்படியில் உட்கார்ந்திருந்த ஜோலீனின் கண் சிவந்திருந்தது.

"பட்டனுக்கு வயசாயிடுச்சுங்க. தப்புத் தப்பாச் சொல்லுது."

"என்ன தப்பு?"

"வலிப்பு வரப்போகுதுங்குது. நான் மாத்திரை போட்டுட்டுப் படுத்துக்கிறேன். வரவே மாட்டேங்குது. நேத்தும் அப்படி, இன்னிக்கும் அப்படி. பொழுது சாயற நேரமாப் பார்த்து. இது போச்சுன்னா எனக்கு யாரு இருக்கா?"

மார்லிஸ் சூப்புக் கிண்ணத்தைப் படியில் வைத்தாள். "எந்த நேரம்னு சொன்ன?"

மூன்றாம் நாள் ஏரிக்காற்று திடீரென்று நின்றுபோயிற்று. சன்னலுக்கு வெளியே பனி நீலமாக இருந்தது. மார்லிஸ் சமையலறையில் உருளைக்கிழங்கை உரித்தபடி நின்றாள். தினமும் அந்நேரம் பாடும் ரேடியோவை அன்று வைக்கவில்லை. வீட்டில் ஒரு சத்தமில்லை.

அப்போது மேலே தரையில் ஏதோ தட்டியது.

டக். டக். டக்.

குதிகால் பலகையில் அடிக்கும் சத்தம். அவளுக்குத் தெரியாத சத்தமா? மகனை மடியில் போட்டுக்கொண்டு வருஷக்கணக்காகக் கேட்ட சத்தம்.

'ஐயோ, அந்தப் பெண்ணுக்கு வந்துவிட்டது' என்று கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். முகமூடி நினைவில்லை. கதவைத் தள்ளித் திறந்தாள்.

ஜோலீன் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை. முகத்தில் மட்டும் ரத்தமில்லை.

"சத்தம் போடாதீங்க," என்று கிசுகிசுத்தாள். "அதைப் பாருங்க."

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பட்டன் நீட்டிப் படுத்திருந்தது. அதன் தலை தரையில் இல்லை. ஒரு சாண் உயரத்தில், வெறுங்காற்றில், தாடை எதன் மேலோ சாய்ந்திருந்தது.

அந்தத் தலை ஆடிக்கொண்டிருந்தது.

டக். டக். டக்.

நாயின் காலுக்கு அப்பால், ஆளில்லாத பலகையிலிருந்து வந்தது சத்தம். மார்லிஸ் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். மெல்ல மெல்ல அது அடங்கியது. நாயின் தலை ஆட்டம் நின்று, சீராக ஏறி இறங்கத் தொடங்கியது. யாருடைய நெஞ்சோ மூச்சு விடுகிற ஏற்ற இறக்கம். பட்டன் நாக்கை நீட்டி எதையோ நக்கிக் கொடுத்தது. வெகுநேரம் கழித்து அதன் தலை தரைக்கு இறங்கியது.

"யார் இது?" என்றாள் ஜோலீன்.

"என் பையன்."

அதற்கு மேல் மார்லிஸுக்கு மூச்சு வரவில்லை. ஜோலீன் அவளைத் தாங்கிக் கீழே கொண்டுபோய் இன்ஹேலரைக் கொடுத்தாள். இரைப்பு தணிந்ததும் மார்லிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். திருப்பி அனுப்பிய நாயை, வாக்குவம் கிளீனரை, எல்லாவற்றையும்.

ஜோலீன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப பட்டன் தப்பாச் சொல்லலை. நான்தான் எனக்குச் சொல்லுதுன்னு நினைச்சுட்டேன்."

"அவனுக்கு வலிக்குமா?"

"நடக்கறப்ப ஒண்ணும் தெரியாதுங்க. முடிஞ்சப்புறம்தான். எங்க இருக்கோம்னே புரியாது. பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு தேடுவோம். யாரும் இல்லேன்னா..."

மார்லிஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷமாகத் தினமும் அவன் விழித்து யாரையோ தேடியிருக்கிறான். அவள் கீழே உட்கார்ந்து யாரோ இருமுவதைக் கேட்டு ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தாள்.

வாரக் கடைசியில் ஜோலீன் பெட்டியைக் காரில் ஏற்றினாள். மார்லிஸ் வீங்கிய கண்ணோடு வாசலில் நின்றாள்.

"நாயை விட்டுட்டுப் போயேன், கண்ணு," என்றாள். கேட்கக் கூடாததுதான். கேட்டுவிட்டாள்.

"நீங்க செத்துடுவீங்க, மார்லிஸ். அது இல்லேன்னா நானும்."

"தெரியும். போயிட்டு வா."

பட்டன் கார்க் கண்ணாடி வழியே மாடிச் சன்னலைப் பார்த்தபடியே போயிற்று.

அதன்பின் மார்லிஸ் அந்த அறையை வாடகைக்கு விடவில்லை. தினமும் பொழுது சாயும் முன் போய்க் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்துகொள்வாள். பலகை அவளுக்கு அடியிலேயே அதிரும். கையை நீட்டித் துழாவுவாள். தலை எந்தப் பக்கம், கை எந்தப் பக்கம்? ஒன்றும் அகப்படாது, குளிர் மட்டும் விரலில் ஏறும்.

அடங்கியபின் அவள் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் வரும்.

"யாராவது இருக்கீங்களா?"

"அம்மா இருக்கேன்டா. இங்கதான் இருக்கேன்."

"யாராவது இருக்கீங்களா?"

தொண்டை கிழியக் கத்தினாலும் அவனுக்குக் கேட்கவில்லை. குளிர்காலம் முழுக்க அவள் அதைக் கேட்டாள்.

ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கிய ஒரு காலையில் ஜோலீன் ஃபோன் செய்தாள். "பட்டன் போயிடுச்சுங்க. தூக்கத்துலயே. என் கால்மேல தலையை வச்சுக்கிட்டே போயிடுச்சு." இரண்டு பேரும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அன்று சாயங்காலம் மார்லிஸ் வழக்கம்போல மாடி ஏறினாள். பாதிப் படியில் கண் அரித்தது.

தொண்டை இறுகியது.

நாய் அந்த வீட்டை விட்டுப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. விரிப்பு, திரை, கம்பளம் எல்லாம் துவைத்தாயிற்று. அவளே தேய்த்துக் கழுவிய அறை அது. நெஞ்சுக்குள் விசில் கேட்க, சுவரைப் பிடித்துக்கொண்டு மேற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே குதிகால் அடிக்கத் தொடங்கியது. கூடவே பலகையில் நகங்கள் நடக்கும் சத்தம். ஏதோ கனமானது தரையில் சாய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. அந்தக் கேள்விக்காக அவள் உடம்பெல்லாம் காதாகக் காத்திருந்தாள்.

"அட," என்றது அன்ஸலின் குரல். "வந்துட்டியா நீ?"

வால் தரையில் பட்பட்டென்று அடித்தது.

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே போகவில்லை. தன் குரல் அவனுக்கு ஒருநாளும் கேட்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருக்கட்டும், துணைக்கு ஒரு ஜீவன் கிடைத்ததே என்று படியிலேயே இரைத்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

மே மாதம் வெர்னா அவளை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டு முகம் சுளித்தார்.

"நெஞ்சு பூரா இழுப்பா இருக்கே. வீட்டுல நாய் இருக்கா?"

"நாயா? இவ வீட்டுலயா?" என்றாள் வெர்னா.

டாக்டர் மார்லிஸின் ஸ்வெட்டர் தோளிலிருந்து எதையோ விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்பு முடி. நுனி நரைத்திருந்தது.

"அப்ப இது என்ன?"

மார்லிஸ் கையை நீட்டி அந்த முடியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"என் நாய் இல்ல, டாக்டர்," என்றாள். "என் பையனோடது."