கறுப்பு அரக்கு

"ஞாயித்துக்கிழமை மண்டபத்துல என் கொள்ளுத்தாத்தாவைத் துரோகின்னு சொல்லப் போறாங்க. அப்பா உடைஞ்சு போயிடுவாருங்க," என்றாள் புதுச்சேரிக்காரியான கௌரி.

1986 ஐப்பசி மழை பாரிசின் லா சப்பலில் கொட்டிக்கொண்டிருந்தது. பலசரக்குக் கடை ஸ்ரீஸ்கந்தராசா யாழ்ப்பாணத்துக் காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். கள்ளக் காணி உறுதிப் பத்திரங்களைப் பிடிப்பதில் பேர்போனவர். கடையில் உதவிக்கு நிற்கும் பேர்ளி அரிசி மூட்டையில் அமர்ந்து மாலை வகுப்புக் கொப்பியைத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சாளர் பொன்னம்பலம் கொடுத்த வண்ணப் படத்தையும் பேச்சின் பிரதியையும் கௌரி நீட்டினாள். படத்தில் செங்கரை சமஸ்தானத்தின் இரண்டு கடிதங்கள். 1873இல் ராசா எழுதியதில் சிவப்பு அரக்கு முத்திரை. அடுத்த ஆண்டு, அவர் இறந்த மூன்றாம் நாள் எழுதியதில் கறுப்பு அரக்கு. சிறுவனான இளவரசர் ஆட்சியை வெள்ளைக்காரச் சர்க்காரிடம் ஒப்படைப்பதாக அது சொன்னது. அடியில் அரண்மனை எழுத்தர் வேங்கடாசலத்தின் பெயர். அவர்தான் கௌரியின் கொள்ளுத்தாத்தா.

பேர்ளி வரிசையாகக் குறித்தாள். 'ராசா இறந்த அன்றே வெள்ளைக்காரத் துரை அரண்மனை முத்திரைகளை வாங்கிப் பூட்டினார்: பேச்சு, இரண்டாம் பக்கம்.' 'கறுப்பு அரக்கு: துக்கம்.' அதற்குச் சரி போட்டாள். அவள் அம்மாவின் மரண அறிவித்தல் அட்டைக்கும் கறுப்புக் கரைதானே?

ஸ்ரீஸ்கந்தராசா அந்தச் சரியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பிழை விட்டேனோ என்று அவள் குறிப்பை மறுபடி வாசித்தாள்.

"பொன்னம்பலத்தாருக்கு ரெலிபோன் எடு, பிள்ளை."

பொன்னம்பலம் குடையை உதறிக்கொண்டு வந்தார். "என்ன, புளிக்கும் மிளகாய்க்கும் நடுவிலை சரித்திரமோ?"

"ஒரு கேள்வி, அண்ணை. உங்கட செத்தவீட்டிலை கறுப்புச் சீலையே கட்டுறவை?"

"சீ! வெள்ளைதான்."

"ராசா செத்து மூண்டாம் நாள், துடக்குத் தீட்டுக் கழியமுன்னம், அரண்மனையிலை ஆர் கறுப்பு அரக்கு உருக்கினது?"

"பழசாகிக் கறுத்திருக்கும்."

"அதைவிடப் பழைய கடிதம் சிவப்பாய்த்தானே கிடக்கு? துக்கத்துக்குக் கறுப்பு அரக்கு வெள்ளைக்காரன்ரை வழக்கம். முத்திரை துரையிட்டை இருந்ததெண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். கடிதம் பிறந்தது அரண்மனையிலை இல்லை, துரையின்ரை கந்தோரிலை. செத்த ராசாவுக்கு மரியாதை செய்யப்போய்த் துரை தன்னைக் காட்டிக்குடுத்திட்டார். வேங்கடாசலத்தின்ரை பேரை ஆரும் எழுதலாம்."

பொன்னம்பலம் படத்தை எடுத்து இரண்டு அரக்குகளையும் ஒப்பிட்டார். "நல்லகாலம், தம்பி. பெரிய பாவத்திலை விழப் பார்த்தன்," என்றார்.

தான் போட்ட சரியை அழிக்கப் பேர்ளி அழிறப்பரை எடுத்தாள்.

"அழிக்காதை. உங்கட கிறிஸ்தவ வேதக்காரருக்குக் கறுப்பு இயல்பு. நீ சரி போட்டதாலைதான் அது ஆருக்கு இயல்பு எண்டு யோசிச்சன்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

ஞாயிற்றுக்கிழமை பொன்னம்பலம் திருத்திய பேச்சை வாசித்து, வேங்கடாசலத்தின் பெயரை இரண்டு தரம் சொன்னார். கடையில் நடந்ததையெல்லாம் மகள் சொல்லக் கேட்டிருந்த கௌரியின் அப்பா முன்வரிசையில் எழுந்தார். பின்பக்கம் திரும்பி, ஸ்ரீஸ்கந்தராசாவும் பேர்ளியும் இருந்த கடைசி வரிசையை நோக்கிக் கைகூப்பினார்.

ஸ்ரீஸ்கந்தராசாவும் கைகூப்பினார். கௌரியின் அப்பாவோ கையை இறக்காமல் பேர்ளியையே பார்த்தார். யாருக்கென்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.