ஊமையான ஆறு குழல்கள்

"முருகேசன்தான் ஆர்கனைக் கெடுத்துட்டான் சார். நீங்க ஒரு வாட்டி பாத்துட்டு சொல்லுங்க, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்றேன்."

பெருநகர் சாலையில் இருந்த சிறிய சர்ச்சின் செயலாளர் ஞானதாஸ் சொன்னதைக் கேட்டு, ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் வேதகிரி பெருமூச்சு விட்டார். முப்பது வருட வேலையில் கேட்டுக் கேட்டு அலுத்த பேச்சு. எது கெட்டாலும் ஊர்க்கோடி இருளர் குடியிருப்பைத்தான் முதலில் கை காட்டுவார்கள்.

"போய்ப் பாத்துடலாம் மாமா" என்று மருமகள் மீனா அதற்குள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டாள்.

கப்பலில் வந்து மாட்டுவண்டியில் ஊர் சேர்ந்தது, துருத்திக் காற்றில் குழல்கள் பாடும் அந்தப் பழைய ஆர்கன். நாற்பது வருடம் வாய் திறக்காமல் கிடந்ததை, சென்னையிலிருந்து வந்த ஆல்பர்ட் எட்டு மாதம் பாடுபட்டுப் பாட வைத்தார். சனிக்கிழமை மாலை எல்லாக் குழலும் பாடின. இன்று காலை ஆராதனையில் முன்வரிசைக் குழல் ஆறும் ஊமை. அடுத்த ஞாயிறு பிஷப் வருகிறார்.

"பின்னால துருத்தி ரூம் சாவி அவன்கிட்டதான் கீது" என்றார் ஞானதாஸ், சர்ச்சுக்குள் நுழைந்ததும். "நேத்து ஆல்பர்ட் போனப்புறம் நான் மெழுகுவத்தி ஸ்டாண்டெல்லாம் புளி போட்டு தேச்சிக்கினு இருந்தேன். அப்பவும் இவன் உள்ளதான் இருந்தான்."

வாசலில் நின்ற முருகேசன் தலை நிமிரவில்லை. "நான் துருத்தி அமுக்கறவன் சார். எல்லார் முன்னாலயும் என்னை திருட்டுப்பயன்னுட்டாரு. புகார் போனா ஜீப் என் வூட்டோட நிக்காது. எங்க ஆளுங்க எல்லாரையும் அள்ளிக்கினு பூடும்."

மீனா குழல்கள் மேல் செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். "மாமா, பின்வரிசை சாம்பலா இருக்கு. முன்வரிசை மட்டும் பளபளன்னு இருக்கே!"

வேதகிரி ஆல்பர்ட்டுக்குப் போன் போட்டார். ஈயம் கலந்த குழல், அதைத் துணியால் கூடத் தேய்க்கவில்லை என்றார் அவர். வேதகிரி மீனாவின் ஹேர்பின்னை வாங்கி, காற்று வரும் குழல் வாயின் இடுக்கைச் சுரண்டினார். பழுப்பாக ஒரு நார் வந்தது. முகர்ந்தார்.

"துருத்தி ரூம்லேர்ந்து பாத்தா குழலோட முதுகுதான் தெரியும். வாய் இந்தப் பக்கம் இருக்கு. வாயில இருக்கறது புளி நார். ஸ்டாண்டோட நீங்க நிறுத்தலை, இல்லையா ஞானதாஸ்?"

ஞானதாஸ் முகம் வெளிறியது. "பிஷப் வராரே, கருப்பா கீதேன்னு... மிச்சப் புளி கையில இருந்திச்சி. வூட்ல அண்டா தேய்க்கற மாதிரி தேச்சேன். தேச்சா பாட்டு நிக்கும்னு யாருக்கு சார் தெரியும்?"

அவர் பொய் சொல்லவில்லை. தன் கையைச் சந்தேகப்பட மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

"சரி சார், புகார் எழுதிக் குடுக்கலை."

"காலைல அவனை எங்க வெச்சு திருட்டுப்பயன்னு சொன்னீங்க?"

"மைக்ல..."

"அப்ப மைக்லயே அதை வாபஸ் வாங்குங்க" என்று வேதகிரி களைப்போடு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறுக்குள் ஆல்பர்ட் வந்து இடுக்குகளைச் சுத்தம் செய்துவிட்டார். பிஷப் முன்னிலையில் ஞானதாஸ் மைக்கில் தன் தப்பைச் சொல்லி முடித்ததும், முருகேசன் எழுந்து வந்து துருத்தி ரூம் சாவியைச் செயலாளர் கையில் வைத்தான்.

"இன்னிக்கு நீங்க அமுக்குங்க சார். எட்டு மாசமா பின்னால நின்னு அமுக்கிக்கினு கீறேன். முன்னால உக்காந்து ஒரு நாளும் கேட்டதில்ல."

சொல்லிவிட்டு முதல் பெஞ்சில், பிஷப்புக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தான்.