கூடிப்போன ஒரு சுற்று

சொதிச் சட்டிக்கும் இடியப்பத் தட்டுக்கும் நடுவில் சுகிர்தா அந்தக் கடிதத்தை வைத்தாள். பேனாவின் மூடியையும் கழற்றி வைத்திருந்தாள்.

"பத்தரைக்கு மன்றத்தில நிக்க வேணும் அண்ணி. ஒரு கையெழுத்து. அரை நிமிஷ வேலை."

பாக்கியலெட்சுமி அதை எடுத்துப் பார்க்கவில்லை. நேற்றே வாசித்துவிட்டாள். மூன்றே வரி. 'செல்வி மயூரியின் நடனத்துக்கு நட்டுவாங்கம் செய்த நான், ஜதியின் ஒரு சுற்றைத் தவறுதலாக இரண்டு முறை சொல்லிவிட்டேன். பிழை என்னுடையது. ஆடிய பிள்ளையுடையது அல்ல.'

"நான் இதில கையெழுத்து வைக்க மாட்டன், சுகிர்தா," என்றாள். குரல் உயரவில்லை. மயூரியின் தட்டில் இன்னொரு இடியப்பத்தை வைத்தாள்.

வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும் தூரத்தில், மூன்றாம் மாடியில் இருந்தது அந்த வீடு. பாக்கியலெட்சுமியின் கணவர் சிவபாதசுந்தரம் வங்கியில் வேலை. சுகிர்தா அவருடைய தங்கை. எட்டு வருடங்களுக்கு முன் புருஷனைப் பறிகொடுத்து, ஆறு வயது மயூரியைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, மயூரியையும் அதே வயதுச் சிவானியையும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டியிருந்தது. அப்போது பாக்கியலெட்சுமி முப்பது பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பை ஒரே கிழமையில் மூடினாள். அதைத் தியாகம் என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தாள், அவ்வளவுதான்.

நட்டுவாங்கம் என்பது என்னவென்று தெரிந்தால்தான் இந்தக் கதை விளங்கும். மேடையின் ஓரத்தில் ஒருவர் சம்மணம் கட்டி உட்கார்ந்து, கைக்கு அடக்கமான இரண்டு தாளங்களைத் தட்டியபடி 'தகதிமி தகஜொணு' என்று ஜதி சொல்வார். தாளங்களில் ஒன்று வெண்கலம், மற்றது இரும்பு. ஆடுகிற பிள்ளையின் கால் அந்தச் சத்தத்தின் மேல்தான் விழவேண்டும். பார்ப்பவர்களுக்கு, சொல்பவர் முன்னால் போக ஆடுபவர் பின்னால் வருவதுபோல் இருக்கும். உண்மையில் சொல்பவரின் கண் ஒரு கணமும் பிள்ளையின் காலை விட்டு விலகுவதில்லை. கால் தடுமாறப்போவது பிள்ளைக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

போன சனிக்கிழமை போட்டியில் அதுதான் நடந்தது. ஜதியின் நடுவில் ஒரு கோர்வையை முதலில் வலப்பக்கம் ஆடவேண்டும், பிறகு அதையே இடப்பக்கம். மயூரி வலப்பக்கத்தை அழகாக முடித்தாள். இடப்பக்கம் திரும்பவேண்டிய கால் திரும்பவில்லை. முழங்கால் மடித்த அரைமண்டியில் அப்படியே நின்றாள். மறந்துவிட்டாள் என்பது பாக்கியலெட்சுமிக்கு விளங்கியது. அடுத்த வரியைச் சொன்னால் பிள்ளை மேடையில் மரம்போல் நிற்பாள். அதனால் வலப்பக்கத்து வரியையே திரும்ப முதலிலிருந்து சொன்னாள். மிருதங்கக்காரர் அவள் கையைப் பார்த்து வாசிப்பவர், கேள்வியில்லாமல் கூடவே வந்தார். பழகிய சொல் காதில் விழுந்ததும் மயூரியின் கால் விழித்துக்கொண்டது. வலப்பக்கத்தை இன்னொரு தரம் ஆடி, இடப்பக்கத்துக்குப் போய், சரியான இடத்தில் முடித்தாள். சபை கைதட்டியது.

கூடிப்போனது எட்டுத் தட்டுகள் கொண்ட ஒரு சுற்று. நடுவர்கள் தாளத்துக்கு இரண்டு புள்ளி குறைத்தார்கள். சிவானி முதலாவது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஷெரோமி என்ற பிள்ளை எண்பத்துநாலு எடுத்து இரண்டாவது. மயூரி எண்பத்துமூன்று, மூன்றாவது. மூவருக்கும் பதக்கம். முதல் இரண்டு பேர்தான் இறுதிப் போட்டிக்குப் போகலாம்.

சுகிர்தா கைபேசியில் எடுத்த வீடியோவில் மயூரியின் கால் தெரியவில்லை. முன் வரிசைத் தலைகள் மறைத்தன. ஆனால் குரல் தெளிவாகக் கேட்டது. ஒரே வரி, இரண்டு தரம்.

அன்றிலிருந்து ஏழு நாளாக வீட்டில் அதே கதைதான். பாக்கியலெட்சுமி வாயைத் திறக்கவில்லை. தன் பேர்தானே கெடுகிறது, பிள்ளையின் பேர் இல்லையே என்று இருந்துவிட்டாள். நேற்று சுகிர்தா போட்டி விதிகளைக் கொண்டுவந்தாள். பக்கவாத்தியக்காரர் விட்ட பிழைக்கு ஆடுபவரின் புள்ளியைக் குறைக்கக்கூடாதாம். அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் இரண்டு புள்ளியும் திரும்ப வரும். மயூரிக்கு எண்பத்தைந்து. ஷெரோமி கீழே இறங்குவாள். சுகிர்தா கொடுத்த முறைப்பாட்டை, போட்டியை நடத்திய கலை மன்றம் இன்று விசாரிக்கிறது.

"பாக்கியம், பிழை விடுறது மனுசர்தானே," என்றார் சிவபாதசுந்தரம், தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "எழுதிக் குடன். வீட்டில ஒரு நிம்மதி வேணுமே."

"நான் பிழை விட்டிருந்தா அண்டைக்கே மேடையில வைச்சுச் சொல்லியிருப்பன்."

"அப்ப ஆர் விட்டது?" என்றாள் சுகிர்தா.

இந்த இடத்தில் மயூரியின் பக்கம் பார்க்கக்கூடாது என்பதில் பாக்கியலெட்சுமி கவனமாக இருந்தாள். பார்த்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.

"சொல்ல வாய் வராது. எப்பிடி வரும்? உங்கட மகள் முதலாவதா வந்திட்டாள். என்ர மகளும் அங்க போனா அவளுக்குத்தானே போட்டி... தகப்பன் இல்லாத பிள்ளை, ஒரு சுத்துக் கூடச் சொன்னா ஆர் கேக்கப் போகினம் எண்டு நினைச்சிட்டீங்கள்." சுகிர்தாவின் கண் நிறைந்து வழிந்தது. "எட்டு வருஷம் உங்கட கையால சோறு திண்டதுக்கு நான் குடுக்கிற விலை இது எண்டு நினைக்கிறன்."

சிவானிக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, வையுங்கோவன் கையெழுத்தை. மயூரி வராட்டி அங்க நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

"ஷெரோமியோட பிடி. வடிவா ஆடுறாள்."

"எனக்கு அவளைத் தெரியாதே."

"உனக்குத் தெரியாட்டி அவளின்ர இடத்தைப் பறிக்கலாமோ?" பாக்கியலெட்சுமி தட்டுகளை அடுக்கினாள். "சுகிர்தா, என்னை நீ என்னவும் சொல்லு. நான் கேட்டுக்கொண்டிருப்பன். ஆனா இந்தக் கையெழுத்து ஊர்ப்பிள்ளை ஒண்டை இறக்கும். அதை நான் செய்ய மாட்டன். மன்றத்துக்கு வாறன். என்னட்டக் கேட்டா, கேட்டதுக்குப் பதில் சொல்லுறன்."

மாமி வைத்த இடியப்பத்தை மயூரி தொடவேயில்லை.

மன்றம் காலி வீதிக்கு அருகில், நடந்துபோகும் தூரம். சிவபாதசுந்தரம் சனிக்கிழமையும் வேலை என்று நழுவிவிட்டார். நாலு பெண்களும் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள்.

வாசலில் ஷெரோமியும் தாய் மெற்றில்டாவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மெற்றில்டா எழுந்து இடம் விட்டாள்.

"உட்காருங்க அக்கா. நாங்க ஒன்பது மணிக்கே வந்துட்டோம். பஸ்ஸ நம்ப முடியாதே." பிறகு சுகிர்தாவைப் பார்த்து, "தாளத்துல பிழைன்னா அது பிள்ளையோட குத்தம் இல்லதானே. எடுத்துக் குடுத்தாங்கன்னா நாங்க சண்டைக்கு வர மாட்டோம். நேத்து முழுக்க அழுதா, இன்னைக்குச் சரியாயிட்டா," என்றாள்.

சுகிர்தா பையைத் திறந்து மூடினாள்.

பிள்ளைகள் வாங்குப் பலகையின் மறுமுனையில் இருந்தார்கள். ஷெரோமி மயூரியின் பக்கம் நகர்ந்து தாழ்ந்த குரலில் பேசியது பாக்கியலெட்சுமியின் காதில் விழுந்தது.

"அன்னைக்கு நான் சைட்ல நின்னு பார்த்தேன். அந்த இடத்துல நீ நின்னுட்டே என்ன?"

மயூரி பாவாடைப் பையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எனக்கும் ஒருக்கா ஆச்சு, நீர்கொழும்புல. எனக்கு ஆள் இல்ல, ரெக்கோர்டிங்தானே. பாட்டு அது பாட்டுக்குப் போச்சு, நான் மூட்டைய இறக்கிட்டு நிக்கிற மாதிரி நின்னேன். உனக்கு உங்க மாமி இருந்தாங்க. லக்கி நீ."

"நீ ஏன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"நான் எதுக்குச் சொல்றது? நான் என்ன ஜட்ஜா? ஆனா கடைசியில நீ முடிச்சது செம."

உள்ளே கூப்பிட்டார்கள்.

தலைமை நடுவர் யோகாம்பிகை ரீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வீடியோவை இரண்டு தரம் கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"பாக்கியலெட்சுமி, இந்தச் சுற்றை நீங்கள் ரெண்டு தரம் சொன்னனீங்களா?"

"ஓம், ரீச்சர்."

"தவறுதலாவா?"

ஒரு 'ஓம்' போதும். கடிதமே தேவையில்லை. சுகிர்தாவின் பார்வை தன் முகத்தில் குத்துவதைப் பாக்கியலெட்சுமி உணர்ந்தாள்.

"இல்லை, ரீச்சர்."

"அப்ப தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனீங்கள். ஏன்?"

"அதை நான் சொல்ல ஏலாது. மன்னிக்க வேணும்."

"பாத்தீங்களா ரீச்சர்..." சுகிர்தா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். "தவறுதலா இல்லையாம். வேணுமெண்டு செய்தவ. தன்ர வாயாலயே சொல்லுறா. நான் இவவை அண்ணி எண்டு கூப்பிட்டனான்... தாய்க்குச் சமன் எண்டு வைச்சிருந்தனான்..." முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பாக்கியலெட்சுமி தலை குனியவில்லை. கைகளை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். தான் செய்தது சரியென்று அவளுக்குத் தெரியும். அது போதும் என்று நினைத்திருந்தாள். இந்த அறையில் அது கொஞ்சம் போதாமல்தான் இருந்தது.

"நான் மறந்திட்டன், ரீச்சர்."

மயூரி எழுந்து நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு நடு அறைக்கு வந்தாள். "ஆடிக் காட்டவா?"

ஜதியைத் தானே வாயால் சொல்லி ஆடினாள். சலங்கை இல்லாத கால் சிமெந்துத் தரையில் பளீர் பளீரென்று விழுந்தது. வலப்பக்கம் முடிந்ததும் நின்றாள்.

"இதிலதான். இனி இடக்கால் போக வேணும். எனக்கு ஒண்டும் ஞாபகம் வரேல்லை. மாமி என்ர காலைப் பாத்தா. பிறகு திரும்ப முதல்ல இருந்து சொன்னா. நான் அதைப் பிடிச்சுக்கொண்டு வந்திட்டன். பிழை என்ர. மாமி செய்தது என்னைக் காப்பாத்தினது."

"ஏன் பிள்ளை இதை வீட்டில சொல்லேல்லை?" என்றார் ரீச்சர்.

"அண்டைக்கு அம்மா அழுதுகொண்டிருந்தா, அதாலை சொல்லேல்லை. அடுத்த நாள் அம்மா மாமியைப் பேசத் தொடங்கினா. பிறகு பயம். ஒவ்வொரு நாளும் சொல்லுவம், சொல்லுவம் எண்டு..." அவள் தன் வெறுங்காலைப் பார்த்தாள். "மாமி என்னை ஒருக்கா நிமிர்ந்து பாத்திருந்தாலே சொல்லியிருப்பன். பாக்கவே இல்லை."

பிள்ளையை மறைத்து நின்று காப்பதாகப் பாக்கியலெட்சுமி நினைத்திருந்தாள். மறைத்த மறைப்பில் பிள்ளை தனியாக நின்றிருக்கிறாள்.

"மறந்து நிண்டா மூண்டு புள்ளி குறையும்," என்றார் ரீச்சர் மெதுவாக. "முந்திக் குறைச்ச ரெண்டு இனி மூண்டாகும். உனக்கு எண்பத்திரண்டு. நாலாவதா வந்த பிள்ளைக்கு எண்பத்திரண்டரை. பதக்கத்தைத் திருப்பித் தர வேணும், தெரியுமே?"

"கொண்டு வந்தனான்," என்றாள் மயூரி. பாவாடைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். காலையில் புறப்படும்போதே முடிவு செய்துவிட்டாளோ, தெரியவில்லை. வாசலில் ஷெரோமி பேசியது அவளைத் தள்ளிவிட்டிருக்கவும் கூடும்.

ரீச்சர் பாக்கியலெட்சுமியின் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷமா நடுவரா இருக்கிறன். எனக்கே அது உங்கட பிழையாத்தான் கேட்டது, பிள்ளை மறந்தது தெரியேல்லை. அவ்வளவு சுத்தமாச் சேர்த்திருக்கிறீங்கள்."

வெளியே வந்ததும் ஷெரோமி மயூரியின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நின்றாள். மெற்றில்டா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, ஃபைனலுக்கு ரெக்கோர்டிங் ஆகாதாம். ஆள் வச்சுத்தான் ஆடணுமாம். எங்களுக்கு யாரும் இல்ல..."

பாக்கியலெட்சுமி சிவானியைப் பார்த்தாள். "என்ன, உன்ர போட்டிக்காரிக்கு நான் தட்டலாமோ?"

"தட்டுங்கோ. ஆனா எனக்குத் தட்டுற மாதிரியே தட்ட வேணும். அப்பத்தான் நான் வெண்டா ஒருத்தரும் கதைக்க ஏலாது."

"வெல்லுவியா நீ?" என்றாள் ஷெரோமி. மூன்று பிள்ளைகளும் சிரித்தார்கள்.

சுகிர்தா மட்டும் படியில் உட்கார்ந்திருந்தாள். பாக்கியலெட்சுமி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏழு நாள் அண்ணி... நான் உங்களைச் சொல்லாத சொல் இல்லை."

"புதன்கிழமை சொன்னது கொஞ்சம் கூடத்தான்."

சுகிர்தா சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். "இதை நூறு தரம் கேட்டிருப்பன். எனக்குப் பிழை மட்டும்தான் கேட்டது. இப்ப ஒருக்கா நீங்கள் பக்கத்தில இருந்து கேளுங்கோ."

போட்டாள். வலப்பக்கத்து வரி போனது. பிறகு, அதே வரி திரும்ப. சுகிர்தா புருவத்தைச் சுருக்கினாள். நிறுத்தி, இன்னொரு தரம் போட்டுக் கேட்டாள்.

"ரெண்டாம் தரம் சொல்லேக்க உங்கட குரல் மாறுது அண்ணி. முதல் சொல் மட்டும் கொஞ்சம் சத்தமா, இழுத்து... ஏன் அப்பிடி?"

"அவளைக் கூப்பிட்டனான்," என்றாள் பாக்கியலெட்சுமி.

சுகிர்தா கைபேசியை மடியில் போட்டுவிட்டு, காலி வீதியில் போகிற எல்லோரும் பார்க்க, அண்ணியின் தோளில் விழுந்து அழுதாள். பாக்கியலெட்சுமி அவளை இறுக அணைத்துக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, வாசலில் நின்ற மயூரியை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள், அவள் ஓடிவந்து இருவருக்கும் நடுவில் புகுந்துகொள்ளும்வரை.