தெருவுக்கே தெரிந்த கடவுச்சொல்

டைட்டஸ் யாரையும் லேசில் நம்ப மாட்டார். அதில் தப்பே இல்லை. எனக்கும் பாதிப் பேர்மேல் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் தன் கம்ப்யூட்டரைக் காவல் காத்த லட்சணம் இருக்கிறதே, அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கடற்கரைத் தெருவில் அவர் வீடு. சொந்த வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். வள்ளத்தின் எஞ்சின் ரொம்பப் பழசு. ஒன்பது தடவை கயிற்றை இழுத்தால் ஒரு தடவை கிளம்பும். புது எஞ்சின் வாங்க மூன்று வருஷமாக வங்கியில் பணம் சேர்த்தார். வங்கிக்குப் போனால் வரிசையில் நின்றே அரை நாள் போய்விடும். அதனால் வீட்டிலிருந்தே வங்கி வேலையைப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்.

வாங்கிய அன்றே காவலும் தொடங்கிவிட்டது. வைரஸ் வராமலிருக்கக் கடைக்காரரிடம் காசு கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏதோ போட்டுக்கொண்டார். யாராவது பாட்டு ஏற்றிய பென் டிரைவோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். கம்ப்யூட்டர் அறைக்குத் தனிப் பூட்டு. சாவி இடுப்புக் கயிற்றில்.

வங்கிக் கணக்கைத் திறக்கும்போது ஜன்னலைச் சாத்துவார். மனைவி ராகேலையும் மகள் பெபிஷாவையும் வெளியே அனுப்புவார்.

"ஏட்டி, அந்தப் பக்கம் போ. இது ரகசியம்!"

கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஒற்றை விரலால் தட்டத் தொடங்குவார். அதுவரைக்கும் எல்லாம் சரிதான்.

கடலில் எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பேசி, டைட்டசுக்கு மெதுவாகப் பேசவே வராது. வீட்டில் "உப்பு கொண்டா" என்றால் நாலு வீட்டில் உப்பு எடுப்பார்கள். வாயால் சொல்லாமல் விரலால் ஓர் எழுத்தைத் தட்டவும் வராது. முதலில் கணக்கின் பெயர். பிறகு கடவுச்சொல்.

"எஸ்! டி! இ! எல்! எல்! ஏ! ஒண்ணு! ஒண்ணு! ரெண்டு!"

ஆறாம் வகுப்புப் படிக்கும் பெபிஷாவுக்கு அது கடல் இரைச்சல் மாதிரி பழகிப்போன சத்தம். அதனால் அவளும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சிஜோ எதிரே ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டு வந்தான். நாலு வயது. ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு சத்தம்.

"எஸ்! டி! இ! எல்! எல்! ஏ!"

பெபிஷா அப்படியே நின்றுவிட்டாள். "லேய் சிஜோ! இது யாரு சொல்லித் தந்தா?"

"பாட்டு. எல்லாருக்கும் தெரியும்," என்றான் அவன்.

அவன் அம்மா வேளாங்கண்ணி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமா மக்கா. நேத்து ஒங்க அப்பா ரெண்டு 'எல்'லுல ஒண்ண விட்டுட்டாரு. கம்ப்யூட்டர் தெறந்துதா? நான் இஞ்சருந்து விளிச்சுச் சொன்னேன். அவருக்குக் கேக்கல்ல."

"மாமி! அது ரகசியம்!"

"பின்னே? நான் யாருகிட்டயும் சொல்லல்ல. சொல்லதுக்கு யாரு பாக்கி இருக்கா?"

தெருக்காரர்கள் அந்தப் பணத்தைத் தொட மாட்டார்கள். அது பெபிஷாவுக்குத் தெரியும். ஆனால் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் முன்பின் பார்த்திராத ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சிஜோவிடம் ஒரு மிட்டாயை நீட்டினார்.

"தம்பி, இன்னொரு தடவை பாடு பார்ப்போம்."

பாட்டு பிடித்துக் கேட்டாரோ, வேறு எதற்குக் கேட்டாரோ, எனக்குத் தெரியாது. மிட்டாய் கொடுத்துப் பாட்டுக் கேட்கிற ஆளை நான் நம்ப மாட்டேன். பெபிஷாவும் நம்பவில்லை.

"மாமி, சிஜோவை உள்ள விளியுங்க! சீக்கிரம்!"

அப்போதெல்லாம், "பணம் எடுப்பது நீதானா?" என்று வங்கி போனில் கேட்காது. கணக்கின் பெயரும் தெருவுக்குக் கேட்டிருக்கும். கடவுச்சொல்லும் தெரிந்தால் போதும். மூன்று வருஷப் பணம் மூன்று நிமிஷத்தில் போய்விடும்.

பெபிஷா கடற்கரைக்கு ஓடினாள். ஓடும்போதே யோசித்தாள். 'நீங்கள் கத்துகிறீர்கள்' என்று அப்பாவிடம் சொன்னால், "யாரு கத்துறா?" என்று அதற்கும் கத்துவார். அப்புறம் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

டைட்டஸ் மணலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். நூலின் நுனி பல்லில் இருந்தது.

"அப்பா, நம்ம பாஸ்வேர்டு தெருவுக்கு வந்துட்டு."

"ம்?"

"யாரும் களவெடுக்கல்ல. நம்ம வீட்டுச் சொவரு கொஞ்சம் மெலிசு."

நூல் பல்லிலிருந்து விழுந்தது. "மெலிசா? நான் பக்கத்தில நின்னு கெட்டின சொவரு! அதத் தாண்டி எப்படிட்டி கேக்கும், எஸ், டி, இ, எல்..."

"எல், ஏ, ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு," என்று பக்கத்து வள்ளத்தில் இருந்த ஏசுஅடிமை முடித்து வைத்தார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

டைட்டசின் முகம் சின்னதாகிவிட்டது. பிறந்ததிலிருந்து பேசாத ஒரு மெல்லிய குரலில் கேட்டார்.

"அப்ப... நாந்தானா மக்கா?"

"சொவருதான்," என்றாள் பெபிஷா.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. நூல் பல்லில் இருந்தவரை அப்பா சத்தமே போடவில்லை. அவள் நூலைப் பொறுக்கி, மணலைத் தட்டி, அவரிடம் கொடுத்தாள்.

"இதக் கடிச்சிட்டு வாங்கப்பா. பணம் இருக்கான்னு பாப்போம்."

வீட்டில் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஊர்ந்தது. டைட்டஸ் நூலைக் கடித்தபடி தட்டினார். "ம்! ம்! ம்!" என்று மட்டும் வந்தது. ராகேல் சிலுவை போட்டுக்கொண்டாள். திரை வெள்ளையாக நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

பிறகு எண்கள் வந்தன. பணம் அப்படியே இருந்தது.

"இப்பவே மாத்துங்கப்பா," என்றாள் பெபிஷா. "வள்ளத்துப் பேரும் நம்பரும் இனி வேண்டாம். அத வள்ளத்திலயே பெருசா எழுதி வச்சிருக்கோம். எழுத்தும் நம்பரும் கலந்து, யாருக்கும் தோணாத ஒண்ணு போடுங்க."

டைட்டஸ் அவளைப் பார்த்தார். வெளியே போ என்று இந்தத் தடவை சொல்லவில்லை. ஆனால் பெபிஷா தானாகவே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அம்மாவின் தோளைப் பிடித்து அவளையும் திருப்பினாள்.

"நானுமா? ஏட்டி, நான் கட்டின பெண்டாட்டி!"

"நீங்களுந்தான்."

"ம்! ம்! ம்! ம்!" என்று பன்னிரண்டு தடவை கேட்டது.

வெளியே வேளாங்கண்ணியின் குரல். "அண்ணே, இன்னைக்கு பேங்கு லீவா? ஒண்ணும் கேக்கல்லியே!"

டீக்கடை ஆளை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் டைட்டஸ் நூலைக் கடித்துக்கொண்டே எஞ்சின் கடைக்குப் பணம் அனுப்பினார். வெள்ளிக்கிழமை வேனில் புது எஞ்சின் வந்தது. ஊரே கடற்கரையில் கூடிவிட்டது. வள்ளத்தைத் தள்ளி இறக்கினார்கள். டைட்டஸ் கயிற்றை ஒரே ஒரு தடவை இழுத்தார். எஞ்சின் அதிர்ந்து கிளம்பியது.

கரையில் நின்ற பெபிஷாவைப் பார்த்து அவர் கையை ஆட்டி, தொண்டை கிழிய என்னவோ கத்தினார். வாய் நன்றாகத் திறந்து திறந்து மூடியது.

எஞ்சின் போட்ட சத்தத்தில் கரையில் ஒருவருக்கும் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. பெபிஷா நிம்மதியாகக் கையை ஆட்டினாள்.