மூன்றாவது சலாம்

தவளைகள் நின்றுபோயிருந்தன.

றுவைஸ் காதுக்குள் இருந்த வயரை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பழைய போனில் பதிந்திருந்த நேற்றிரவைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துத் திரும்பவும் கேட்டான். மாரி மழைக்குத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிற வளவு அது. பொழுதுபட்டு மஃரிபுக்குத் தொடங்கினால் விடியும்வரை தவளைகள் வாய் மூடாது. ஓலை உரசும், இறக்கக்கண்டிப் பாலத்தடியில் தண்ணீர் மோதும், எங்கோ ஓர் ஆடு இருமும், எல்லாவற்றுக்கும் மேலே தவளைகள். அத்தனையும் றேடியோவை அமத்தியதுபோல ஒரே நேரத்தில் நின்றன. பிறகு, போனுக்குக் கிட்ட, ஓர் ஆணின் குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

தடித்த, பணிவான குரல். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் அதே சலாம். இன்னும் கொஞ்சம் பொறுத்து மூன்றாவது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. தவளைகள் கத்தத் தொடங்கின.

"பிடிச்சிட்டன்டா உன்னை!" என்றான் றுவைஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் இரவில் கடலுக்குப் போகிறவன். வளவோ ஒதுக்குப்புறம். வீட்டில் மனைவி றம்லாவும், இந்த வருசம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்த மகள் பஹ்மியாவும் மட்டும். கொஞ்ச நாளாக அவன் காலையில் திரும்பி வரும்போதெல்லாம் வளவு வாசலான கடப்படியில், குறுக்குக் கம்புகளுக்கு வெளியே, ஈர மணலில் இரண்டு பாதம் பதிந்திருந்தது. வீட்டைப் பார்த்தபடி. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. ஓலையால் கூட்டிவிட்டுப் போகிறான், பெரிய கெட்டிக்காரன்! ஒரு தேங்காய்கூடக் களவு போகவில்லை. அதுதான் றுவைஸுக்கு ஆத்திரத்தையும் பயத்தையும் கிளப்பியது. தேங்காய் வேண்டாதவனுக்கு அந்த வீட்டில் வேறு என்ன வேண்டும்?

அதனால்தான் போனைத் துளை போட்ட பிளாஸ்டிக் போத்தலுக்குள் வைத்து, கடப்படிப் பூவரசில் கட்டிவிட்டுப் போனான். ஒரு முழு இரவை யார் உட்கார்ந்து கேட்பது? பதிவு திரையில் கோடாக ஓடும். தவளைச் சத்தத்தில் கோடு தடித்திருக்கும். அது மெலிகிற இடத்தில்தான் ஆள் நிற்கிறான். இதை அவனே கண்டுபிடித்தான்.

குசினியில் அடுப்பூதிக்கொண்டிருந்த றம்லாவிடம் குரலைப் போட்டுக் காட்டினான். அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"எனக்கு ராத்திரி ஒண்டும் கேக்கல்லியே. ஆரிது?"

"ஆராயிருந்தாலும் சரி. நான் கடலுக்குப் போனாப் பிறகு எவன் சலாம் சொன்னாலும் வாயைத் திறக்காத."

"சலாத்துக்குப் பதில் சொல்லாம இருக்கிறதா? நல்லா இரிக்கி உங்கட கதை!"

"மனசுக்குள்ள சொல்லு. மூணு தரம் சொல்லியும் பதில் இல்லாட்டி திரும்பிப் போகோணும். அதுதானே முறை."

"கள்ளனுக்கு முறை தெரியுமோ?" என்று சிரித்தாள் றம்லா.

"இவனுக்குத் தெரிஞ்சிரிக்கி," என்றான் அவன். சொன்ன பிறகு அவனுக்கே அது பிடிக்கவில்லை.

அவனுடைய சந்தேகமெல்லாம் நஸ்ரி மேல். பெரியவாப்பாவின் மகன், எல்லை வேலியில் தொடங்கிய சண்டையில் இருவரும் முகம் பார்ப்பதில்லை. அடுத்த நாளும் அதே குரல் பதிந்திருந்தது. நேரே கரைக்குப் போய், வலை தைத்துக்கொண்டிருந்த நஸ்ரியின் முகத்துக்கு நேரே போனை நீட்டினான்.

"இது உன்ட வேலைதானே? பொலிசுக்குக் கொண்டு போகட்டா?"

நஸ்ரி கேட்டான். சிரித்தான். "உன்ட வளவுக்குள்ள வாறதுக்கு நான் என்னத்துக்குச் சலாம் சொல்ல? கம்பை முறிச்சிட்டு வருவன்."

பிறகு போனைப் பிடுங்கி, காதோடு வைத்துத் திரும்பவும் கேட்டான். சிரிப்பு கரைந்துபோயிற்று.

"ஆள் நடந்து வந்த சத்தம் எங்க? கடப்படி முழுக்கச் சருகு கிடக்கே."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையை இடுப்புச் சாரத்தில் அழுந்தத் துடைத்தான். பிறகு குனிந்து வலையை எடுத்துக்கொண்டான். ஏசியிருந்தால் றுவைஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் கடலிலிருந்து வரும்போது வெயில் ஏறிவிட்டது. கடப்படிக் கம்புகளை இழுத்து உள்ளே வந்து, திரும்பவும் ஒவ்வொன்றாகக் குறுக்கே மாட்டினான். வீட்டுக் கதவு இன்னும் திறக்கவில்லை. றம்லாவை எதற்குப் பயப்படுத்துவது என்று பூவரசின் கீழேயே குந்தி, போத்தலைத் திறந்து, வயரைக் காதில் செருகினான். கையில் மீன் மணம். இரவு முழுக்க வலை இழுத்த உடம்பு. கண் தானாக மூடியது.

கோடு மெலிகிற இடத்தைத் தொட்டான்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

இன்றைக்குக் குரல் களைத்திருந்தது. மழையில் நனைந்துகொண்டு வெகு நேரமாக நிற்கிற ஒருவனின் குரல். பாவமாகக்கூட இருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்குமுஸ்ஸலாம். வாங்க, உள்ளுக்கு வாங்க," என்றான் றுவைஸ்.

அவன் சொல்லவில்லை, வாய் சொன்னது. பேசப் பழகிய நாளிலிருந்து எந்த வாசலிலும் எந்த மனிசனுக்கும் சொல்லிப் பழகிய வாய். திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். சீ, போனுக்குப் பதில் சொல்கிறேனே, விசரன்! சிரித்துக்கொண்டே மூன்றாவது சலாத்துக்குக் காத்திருந்தான்.

அது வரவில்லை.

தவளைகளும் தொடங்கவில்லை.

காதுக்குள் ஒரு கம்பு உராய்ந்தது. இழுபட்டது. மணலில் விழுந்தது. பிறகு அடுத்தது. இது நேற்றிரவு பதிந்தது. அவன் பதில் சொன்னது இப்போது. நேற்றே முடிந்துபோனது எப்படி அதைக் கேட்கும்?

தலையைத் திருப்பிப் பார்த்தான். வரும்போது அவன் கையால் மாட்டிய கம்புகள் கீழே கிடந்தன. பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக.

"யா அல்லாஹ்!"

வயரைப் பிடுங்க நினைத்தான். முடியவில்லை. காதுக்குள் சருகு நெரிந்தது. கால்கள் அவனைத் தாண்டி வீட்டுப் பக்கம் போயின. கதவில் ஒரு தட்டு. தூரத்தில், சின்னதாக, றம்லாவின் குரல்.

"ஆரு?"

"நான்தான் றம்லா. கடல் சரியில்ல, திரும்பி வந்திட்டன். கதவைத் திற."

அது றுவைஸின் குரல்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. உடனே தவளைகள். நூறு நூறாக.

போன் விழுந்தது. ஓடினான். முற்றம். வாசல். கதவு. தட்டக் கையைத் தூக்கினான். கை கதவைத் தொடவில்லை, காற்றிலேயே நின்றது. தள்ளினான். உதைக்கப் பார்த்தான். கால் எழவில்லை. றம்லா! என்று கத்தினான்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அவன் வாயிலிருந்து வந்தது அதுதான். தடித்த, பணிவான குரல். மூன்று காலையாகப் போனில் கேட்ட அதே குரல்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. றம்லாவின் மூச்சு கதவுக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்ட. நான்தான், நான்தான் றுவைஸ், கதவைத் திற, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வா. நெஞ்சு வெடிக்க அவ்வளவையும் சொன்னான். பஹ்மியா, மகளே!

"அஸ்ஸலாமு அலைக்கும்."

இரண்டு.

"பதில் சொல்லாத றம்லா," என்றது உள்ளேயிருந்து அவனுடைய குரல், அன்பாக. "மனசுக்குள்ள சொல்லு. நான் சொல்லித் தந்தனான்தானே."

"ஓம்," என்று றம்லா கிசுகிசுத்தாள். அவள் பின்னுக்கு நகர்ந்தாள், கதவை விட்டு, அந்தக் குரல் இருந்த பக்கம்.

"வாப்பா, அது போயிட்டுதா?" தூக்கக் கலக்கத்தில் பஹ்மியா.

"இல்ல மகள். நீங்க என்ட கைக்குள்ள படுங்க. இன்னும் ஒரு தரம் சொல்லும். பிறகு போகத்தான் வேணும்."

றுவைஸ் இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்தினான். தொண்டைக்குள் அது ஏறிக்கொண்டிருந்தது. குனிந்தான். அவன் ஓடி வந்த முற்றத்தில் மணல் கூட்டிவிட்டதுபோலக் கிடந்தது, ஒரு தடமும் இல்லை. காலடியில் மட்டும் இரண்டு பாதம் ஆழப் பதிந்திருந்தது. வீட்டைப் பார்த்தபடி.

விரல்களுக்கிடையால் மூன்றாவது சலாம் வெளியே வரத் தொடங்கியது.