இரண்டாவது ஊசி

பழைய கட்டடம்தான், ஆனால் வார்டு சுத்தமாக இருந்தது. பினாயில் வாசனையும் ஏசி உறுமலும் தவிர வேறெதுவும் இல்லை. என் தம்பியின் கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. மூன்று ஆஸ்பத்திரிகள் கையை விரித்த பிறகு இங்கே வந்தோம். புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப்பிடித்து வெடிக்கவைக்கும்படி மாற்றியமைத்த வைரஸை, கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போடுவார்கள். எதைத் தொட்டாலும் கை கழுவுகிற நான், கிருமியே கதி என்று வந்து நின்றேன்.

முதல் ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் மத்தியானம், ஜன்னல் நிறைய வெயில் இருக்கும்போது, தம்பி கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

“பாப்பா சாப்பிட்டாளா?”

அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

காய்ச்சலைக் குறித்துக்கொண்டிருந்த நர்ஸின் பேனா நின்றுவிட்டது. என்னை வராந்தாவுக்கு இழுத்துப்போய்க் கிசுகிசுத்தாள்.

“போன தடவை இதே ஊசி போட்டுக்கிட்ட ஒரு அம்மா, தினமும் இதையேதான் கேப்பாங்க. பிழைக்கல.”

“அவங்களுக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்?”

“அவங்க கட்டியில எடுத்த செல்லுலதான் லேப்ல இந்த வைரஸை வளத்தாங்க. வேற எதுலயும் வளரல.”



நாங்கள் உள்ளே போனபோது, இரண்டாவது ஊசிக்கான மருந்து ஃப்ரீசரிலிருந்து வந்துவிட்டது. உருகினால் அரை மணி நேரம்தான் தாங்கும். நர்ஸ் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினாள். டாக்டர் சம்மதக் கையெழுத்துக்கான தாளை நீட்டினார்.

“கட்டி பாதி கரைஞ்சிருக்கும்மா. இப்ப விட்டா திரும்ப வளரும். போடலாமா, வேணாமா?”

தம்பியின் உதடுகள் ‘பாப்பா, பாப்பா’ என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தன.

அது அவன் குரலே இல்லை.

குனிந்து அவன் காதில் சொன்னேன். “நீங்க யாரா இருந்தாலும் சரி. உங்க கால்ல விழறேன். இவனை மட்டும் காப்பாத்திக் குடுங்க.”

உதடுகள் நின்றன.

கையெழுத்துப் போட்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான்.

மூன்றாம் நாள் காலை, கட்டி இருந்த இடம் தட்டையாகிவிட்டிருந்தது. டாக்டரே நம்பாமல் இரண்டு முறை தடவிப் பார்த்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் வெளியே போனதும் கட்டிலருகே ஓடினேன்.

“டேய், எழுந்திருடா! போயிடுச்சுடா!”

கண்கள் திறந்தன. ஒரு கை மெல்ல எழுந்து, அவனுடைய மார்பையே தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது.

இன்னொரு கையின் விரல் உதட்டுக்குப் போனது.

“சத்தம் போடாதீங்கம்மா. இப்பத்தான் தூங்கினான்.”