கிணற்றின் மேல் ஒரு தளம்

ஜெயக்கொடி மூச்சை அடக்கியபோது, காலடியிலிருந்து வந்துகொண்டிருந்த காற்றும் நின்றது.

முதலில் அதைத் தற்செயல் என்றே எண்ணினாள். அக்கினி நட்சத்திரத்து மாலை, கே.கே. நகரில் ஓர் இலையும் அசையவில்லை. புதிதாக இழைத்த பலகைகளின் மணமும், அவற்றுக்குப் பூசிய எண்ணெயின் மணமும், எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து கசிந்த பாசியின் குளிர்ந்த மணமும் அவள் பாதங்களைச் சுற்றி நின்றன. மூச்சை விட்டாள். கீழிருந்து காற்று வந்தது.

தை மாதம் வாதம் வந்து விழுந்தபின் அவளுக்கு எஞ்சியவை கண்களும் இடக்கையும் மட்டுமே, பேச்சும் போய்விட்டது. திறந்த வெளியில் உட்காரவைக்கும்படி டாக்டர் சொன்ன அன்றே, கணவன் நல்லகாமன் கொல்லையில் ஒரு மரத்தளம் அமைக்கத் தீர்மானித்தான். பழங்காநத்தத்தில் அவனுக்கு லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை இருந்ததால் பலகைக்கும் சட்டத்துக்கும் குறைவில்லை. பின்வாசல் படியின் உயரத்துக்குத் தளத்தை ஏற்றிவிட்டால் சக்கர நாற்காலியைத் தூக்காமல் தள்ளிச் செல்லலாம் என்று, கரித்துண்டால் சுவரில் கோடு போட்டு அவளுக்குக் காட்டினான்.

இடையூறாக இருந்தது ஒரு பாழுங்கிணறு. அதைத் தூர்க்காமல், கைப்பிடிச் சுவரை மட்டும் இடித்து, வாயின் குறுக்கே இரும்புச் சட்டங்களைக் கிடத்தி, அதன்மேல் பலகை அடித்தான். மூடிய கிணறு மூச்சுவிட ஒரு வழி வைக்க வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். பெரும்பாலும் ஒரு குழாயை நட்டுவிடுவார்கள். குழாய் சக்கரத்தில் இடறும் என்பதால் நல்லகாமன் கிணற்றுக்கு நேர்மேலே இரண்டு பலகைகளுக்கிடையில் இரு விரல் அகலம் விட்டுவைத்தான். அதன் வழியே குளிர்ந்த காற்று வருவதைக் கண்டதும் பூரித்துப்போய், மனைவியின் நாற்காலியை அங்கேயே நிறுத்தினான்.

அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அவன் தங்கை சோலையம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டே சொன்னாள்: "உள்ள ஃபேன் சுத்துது, நாங்க வேகுறோம். மதினிக்கு மட்டும் கொடைக்கானல் காத்து. அம்புட்டும் எங்கண்ணன் குடுக்குற பவுசு."

மறுநாள் ஜெயக்கொடி சோதித்துப் பார்த்தாள். சிறுசிறு மூச்சாக விட்டாள். கீழேயும் சிறுசிறு மூச்சு. நீளமாக இழுத்தாள்; கீழே ஏதோ, சற்றே பிந்தி, நீளமாக இழுத்தது. கற்றுக்கொள்ளும் குழந்தையின் பிழைகள் அதில் இருந்தன. நாளடைவில் பிழைகள் குறைந்தன. பிறகு ஒரு மாலை, அது அவளுக்கு முன்னதாக மூச்சை விட்டது. அவளுடைய நெஞ்சு அதைப் பின்பற்றியது.

அடுத்த முறை நாற்காலி பின்வாசலைக் கடக்கும்போது அவள் இடக்கையால் நிலைக்கதவைப் பற்றிக்கொண்டாள்.

"பாரு சோலை, என்னா பிடி பிடிக்கிறா," என்றான் நல்லகாமன். "கை தேறிருச்சுல்ல?"

ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தான். பிரிக்கச் சிரமமாக இருந்ததே அவனுக்குப் பெருமையாக இருந்தது. அவள் அழுதாள். வெளிக்காற்று பட்டுப் பழகாத கண் என்று துடைத்துவிட்டான்.

அன்று அந்த இடைவெளியின் வழியே, ஈரமான விரல்நுனி போன்ற ஒன்று அவள் உள்ளங்காலைத் தொட்டு, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நிதானமாகத் தடவி அளந்தது. கட்டைவிரல் அசைந்தது. அவள் அசைக்கவில்லை.

சோலையம்மாள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் கூடிவிட்டார்கள். நல்லகாமன் பாண்டி கோவிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்தான். எல்லாம் தளத்தின் மகிமை என்று முடிவாயிற்று. மாலையில் மட்டும் போய்வந்த நாற்காலி காலையிலேயே அங்கு போனது. கணுக்கால் மடங்கியது. முழங்கால் நீண்டது. ஒவ்வொன்றும் அசையத் தொடங்கியபோது அவளிடம் மிஞ்சியிருந்ததில் ஒன்று குறைந்தது: இடக்கையின் வலு, பிறகு நாக்கின் ருசி, பிறகு வெயிலின் சூடு. அவற்றின் இடத்தில் பாசியின் குளிர்ச்சி வந்து அமர்ந்தது.

அசையக்கூடிய கடைசி விரலால் இடைவெளியைச் சுட்டிக்காட்டினாள். சோலையம்மாள் மண்டியிட்டு ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். இருட்டு மட்டுந்தான் என்றாள்.

"அந்தக் காத்துத்தான் கேக்குதாக்கும். இன்னுங் கொஞ்சம் முன்னால தள்ளிவிடுறேன் மதினி."

தள்ளிவிட்டாள். இரு பாதங்களும் இடைவெளியின் மேல் சரியாக அமர்ந்தன. அந்த விரலும் அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், பட்டறை ஆட்கள் அவளைப் பார்க்க வந்து தளத்தின் ஓரத்தில் நின்றிருந்தார்கள். வெயில் பலகைகளை வெளுக்கச் செய்திருந்தது. யாரோ தளத்தின் வேலைப்பாட்டைப் புகழ்ந்தார். நல்லகாமன் காலால் தட்டி உறுதியைக் காட்டினான். அந்தத் தட்டல் அவளுக்குத் தலைக்கு மேலே கேட்டது.

தலைக்கு மேலே.

வெளிச்சம் சுருங்கியது. ஒரு கோடாயிற்று. கோட்டின் இருபுறமும் கருப்பு. ஈரம். ஆழம்.

கோட்டின் மேல் இரண்டு பாதங்கள். அவளுடைய மெட்டி. அவளுடைய பித்தவெடிப்பு. பாதங்கள் பலகையை அழுத்தின. நாற்காலி கிரீச்சிட்டுப் பின்னால் போனது.

கைதட்டினார்கள்.

"நான் எந்திரிச்சிட்டேங்க," என்றது அவள் குரல்.

நல்லகாமன் விம்முவது கேட்டது. கீழே அவள் கத்தினாள். இடைவெளியின் வழியே குளிர்ந்த காற்று மேலே போனது. ஆகா, என்ன காத்து, என்றார் ஒருவர்.

உள்ளே போகலாமா என்று அவன் கேட்டான்.

"நீங்க எல்லாரும் போயிச் சாப்பிடுங்க. நான் இங்கனயே செத்த நேரம் படுத்துக்கிறேன்."

காலடிகள் விலகின. ஒன்று மட்டும் வாசற்படியில் நின்றது. சேலை சரசரத்தது. உடல் பலகைமீது குப்புறப் படுத்தது. கோடு ஒரு முனையிலிருந்து மறைந்துகொண்டே வந்தது. மிஞ்சிய துளி வெளிச்சத்தில் ஒரு கண் வந்து பொருந்தியது.

அவளுடைய கண்.

அது அவளைத் தேடியது. கண்டுகொண்டது. மேலே ஒரு விசும்பல் கேட்டது.

"அழுகாத ஜெயக்கொடி," என்றான் நல்லகாமன், வாசற்படியில் நின்று. "எல்லாம் சரியாப் போச்சு."

கண் நிறைந்தது. ஒரு சொட்டு விளிம்பில் திரண்டு, அவளை நோக்கி விழுந்தது. மூடிக்கொள்ள அவளுக்கு இமை இல்லை.